இரண்டாம் ஆண்டுக்கு யார் காசு கொடுப்பது? திருகோணமலை அலுவலகம் ஒன்றின் எடைக் குறைப்புத் திட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரத்தில் உள்ள ஓர் அரச அலுவலகத்தின் நலன்புரிச் சங்கத்தில் ஒரு வருடம் காசு மிஞ்சியது. வழக்கமாக அந்த மிச்சம் நுவரெலியாச் சுற்றுலாவாகவோ புத்தாண்டுப் பொதியாகவோ கரைந்துவிடும். அந்த வருடம் வேறு யோசனை வந்தது. அலுவலகத்தில் நடந்த ஒரு நாள் மருத்துவப் பரிசோதனையில் எடை, இரத்த அழுத்தம், சீனி மூன்றையும் பார்த்தார்கள். பலருடைய துண்டில் சிவப்புப் பேனா வட்டம் விழுந்திருந்தது. அடுத்த பொதுக்கூட்டத்தில், "சுற்றுலாவை ஒரு வருடம் விட்டு உடம்பைப் பார்ப்போம்" என்று ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதித்தார். பிரேரித்தவர் ஒல்லியானவர் என்பதைப் பலர் கவனித்தார்கள், யாரும் சொல்லவில்லை.

இருபத்து நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். எந்தத் திட்டத்துக்குக் காசு கொடுப்பது என்று கணக்குப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். நான் அந்த அலுவலகத்தின் கணக்குக் கிளையில் இருப்பவன். எனக்கு வைத்தியம் தெரியாது, வவுச்சர் தெரியும். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். கீழே வரும் ரூபாத் தொகைகள் திட்டமிடுவதற்காக நான் வைத்துக்கொண்ட எடுகோள்கள். விலைவாசி மாறினால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கணக்கின் வழி மாறாது. வெளிநாட்டு ஆய்வுகளின் எண்கள் மட்டும் அந்தந்த ஆய்வுகள் வெளியிட்டவை.

யாருக்கு எடை கூட?

முதல் சிக்கல் இங்கேயே தொடங்கியது. பி.எம்.ஐ. எனப்படும் உடற்திணிவுச் சுட்டெண் (கிலோவில் எடையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 25ஐத் தாண்டினால் எடை கூட என்பது உலகப் பொது அளவு. தெற்காசிய உடம்பில் அதற்கு முன்பே நீரிழிவு வந்துவிடுகிறது. அதனால் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற இரு படிகளையும் கவனிக்கச் சொன்னது. எங்கள் முகாமைத்துவ உதவியாளர் ஒருவரின் உயரம் 160 சென்ரிமீற்றர், எடை 70 கிலோ. சுட்டெண் 27.3. பொது அளவுப்படி "கொஞ்சம் கூட", ஆசிய அளவுப்படி மேல் படியின் வாசலில் நிற்கிறார். நான் பின்னால் சொல்லப்போகும் பெரிய பிரித்தானிய ஆய்வில் சேர்வதற்குக் குறைந்தது 28 வேண்டும். அங்கே போயிருந்தால் இவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

உள்ளூர் எண்களும் கைக்கு வரவில்லை. இலங்கையில் நீரிழிவு பற்றி இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் நாடளாவிய ஆய்வு 2005-2006இல் நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்று அது கண்டது. ஆனால் யுத்தம் காரணமாக அதில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. ஆகவே திருகோணமலைக்காரர் ஒருவர் தன் ஊர்க் கணக்கைப் போட உட்கார்ந்தால், முதல் வரியிலேயே கடன் வாங்கவேண்டியிருக்கிறது.

மேசைக்கு வந்த யோசனைகள்

ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவரை அழைத்து ஒரு மணிநேரம் பேசவைத்து, ஆளுக்கொரு கையேடு கொடுப்பது. பேச வருபவருக்குக் கட்டணம் இல்லை. கையேட்டுக்கும் தேநீருக்குமாக 12,000 ரூபா, தலைக்கு 500.

இரண்டு, வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரக் குழு வகுப்பு. ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரத் தாதி ஒருவர் நடத்த ஒப்புக்கொண்டார். அமர்வுக்கு 4,000 ரூபா வீதம் 48,000. டிஜிட்டல் தராசும் அளவு நாடாக்களும் 12,000. அச்சடித்த உணவுக் குறிப்பேடு 9,000. அவித்த கடலையும் சீனியில்லாத தேநீரும் ஆளுக்கு 50 ரூபா வீதம் 14,400. மொத்தம் 83,400, தலைக்கு 3,475.

மூன்று, அதே பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு மாதம் ஒரு சந்திப்பு வீதம் ஒன்பது மாதம் தொடர்வது. கூடுதலாக 46,800. மொத்தம் 130,200, தலைக்கு 5,425.

நாலாவதாக ஒரு யோசனையும் இருந்தது: உடற்பயிற்சி நிலையத்துக்குச் சங்கமே மாதக் கட்டணம் கட்டுவது. மாதம் 3,000 ரூபா என்று வைத்தாலும் ஆளுக்கு வருடம் 36,000, எல்லோருக்குமாக 864,000. சங்கத்தின் ஐந்தொகையைப் பார்த்ததும் அது தானாகவே இறந்துவிட்டது. ஐந்தாவதாக ஒருவர் கொண்டுவந்த "மெலிவுத் தேயிலை"ப் பெட்டியைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

எதனால் வகுப்பது?

செலவை எதனாலாவது வகுத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். கிலோவால் வகுப்போம் என்றார்கள். சரி, எந்தக் கிலோ?

2017இல் லான்செட் இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று எங்கள் கேள்விக்கு மிக நெருங்கி வருகிறது. 1,267 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவினருக்குச் சுருக்கமான ஆலோசனையும் கையேடும். இரண்டாம் பிரிவினருக்கு வெயிட் வாட்சர்ஸ் என்ற எடைக் குறைப்பு நிறுவனத்தின் குழு வகுப்பு பன்னிரண்டு வாரம். மூன்றாம் பிரிவினருக்கு அதே வகுப்பு ஐம்பத்திரண்டு வாரம். ஒரு வருட முடிவில் சராசரியாகக் குறைந்தது முறையே 3.26, 4.75, 6.76 கிலோ. இரண்டு வருட முடிவில் 2.30, 3.05, 4.29 கிலோ.

முதல் பிரிவை மறுபடி பாருங்கள். கையேடு மட்டும் வாங்கியவர்களே வருடத்தில் மூன்றேகால் கிலோ குறைந்திருக்கிறார்கள். எடை குறைய வேண்டும் என்று பெயர் கொடுக்கிறவர் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டவர். அவரைத் தராசில் ஏற்றினாலே கொஞ்சம் இறங்கும். ஆகவே வகுப்பின் பங்கு 4.75 கிலோ ஆகாது. 4.75இலிருந்து 3.26ஐக் கழித்த 1.49 கிலோதான் அதற்குச் சேரும். இரண்டாம் வருடம் அந்த வித்தியாசமும் 0.75க்கு இறங்கிவிடுகிறது. "பத்தே வாரத்தில் ஐந்து கிலோ" என்று சுவரொட்டி ஒட்டும் எந்த நிலையமும் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை. செய்தால் சுவரொட்டிக்கு எண் மிஞ்சாது.

எங்கள் இரண்டாம் யோசனைக்கு இதைப் பொருத்துவோம். பேச்சும் கையேடும் கொடுப்பதைவிடக் கூடுதலாகச் சங்கம் செலவழிப்பது தலைக்கு 2,975 ரூபா. பிரித்தானியாவில் கிடைத்த அதே பலன் இங்கேயும் கிடைத்தால், ஒரு வருட முடிவில் ஒரு கூடுதல் கிலோ குறைவதற்கு ஏறத்தாழ 2,000 ரூபா. இரண்டு வருட முடிவில் அதே கிலோவின் விலை 3,967 ரூபா. புதிதாக ஒரு சதமும் செலவழிக்காமலே விலை இரட்டிப்பாகிறது, ஏனென்றால் கிலோ திரும்பி வந்துவிடுகிறது. எங்களுக்கு அங்கே கிடைத்ததில் பாதிதான் பலன் என்று வைத்தால் இரண்டு வருடக் கணக்கில் 7,933 ரூபா. அலுவலகத் தலைவருக்கு நான் காட்டியது இந்தக் கடைசி எண்ணை. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கணக்குக்காரனுக்கு இப்படியான சந்தோசங்கள் குறைவு.

பிரித்தானிய ஆய்வாளர்கள் கிலோவோடு நிற்கவில்லை. எடை குறைந்ததால் பின்னால் வராமல்போகும் நீரிழிவு, இதய நோய் முதலியவற்றை இருபத்தைந்து வருடத்துக்கு மாதிரிக் கணக்கிட்டு, வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்து எடைபோட்ட ஆயுள் ஆண்டு, அதாவது முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டு, ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்று பார்த்தார்கள். பன்னிரண்டு வாரத் திட்டம் கையேட்டைவிட மலிவாகவும் மேலாகவும் முடிந்தது. ஐம்பத்திரண்டு வாரத் திட்டத்துக்கு, கையேட்டோடு ஒப்பிட்டால், அப்படிப்பட்ட ஓர் ஆண்டைப் பெற 2,394 பவுண். பன்னிரண்டு வாரத் திட்டத்தோடு ஒப்பிட்டால் 3,804 பவுண். அங்கே நீண்ட காலமாக 20,000 முதல் 30,000 பவுண் வரை ஏற்கத்தக்க விலையாகக் கருதப்பட்டு வந்ததால் இது மிக மலிவு. நீண்டதுதான் விலை கூடியது, நீண்டதுதான் வாங்கத்தக்கது. எங்கள் கூட்டத்தில் இந்த முடிவை ஏற்கவைப்பதுதான் கடினமாக இருந்தது. "பன்னிரண்டு வாரத்தில் பழகிவிடும்தானே, பிறகு எதற்குக் காசு?" என்பதே எல்லோருடைய கேள்வியும்.

அதே நாட்டின் நைஸ் என்ற வழிகாட்டு நிறுவனம் 2014இல் சொன்னதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். தலைக்கு 100 பவுணோ அதற்குக் குறைவாகவோ செலவாகும் பன்னிரண்டு வாரத் திட்டம் செலவுக்கேற்ற பயன் தரும் என்றது அது. ஒரு நிபந்தனையோடு: திட்டம் இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடிய எடைக்கும் இப்போதைய எடைக்கும் உள்ள வித்தியாசம் ஆயுள் முழுதும் நிலைக்கவேண்டும். வாக்கியத்தின் முன்பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். முழுப் பாரமும் பின்பாதியில்தான் கிடக்கிறது.

ஏட்டில் ஏறாத செலவு

மேலே போட்டது சங்கத்தின் பார்வையில் உள்ள கணக்கு. வவுச்சர் வெட்டாத செலவுகள் அதில் இல்லை.

வகுப்பை முதலில் அலுவலகம் முடியும் 4.15க்கு வைப்பதாக இருந்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்கள் உடனே கையை உயர்த்தினார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்திருக்கும் கதை முடிந்துவிட்டது உண்மைதான். ஆனால் பாலம் இருந்தாலும் பஸ் வேண்டும். அமர்வு ஒன்றுக்குச் சராசரியாக 150 ரூபா கூடுதல் பயணச் செலவு என்று வைத்தேன். ஒரு மணிநேரத்தின் பெறுமதி 300 ரூபா. பன்னிரண்டு வாரத்துக்குப் பங்குபற்றும் ஒருவர் தன் பையிலிருந்தும் நேரத்திலிருந்தும் கொடுப்பது 5,400 ரூபா. சங்கத்தின் 3,475ஐயும் கூட்டினால் 8,875. அதாவது நூறு ரூபாச் செலவில் சங்கம் கொடுப்பது 39 ரூபாதான். "சங்கம் இலவசமாக நடத்தும் திட்டம்" என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடிக்கவில்லை.

பிறகு தலைவர் பெருந்தன்மையாக வகுப்பை 3.30க்கு மாற்றினார். பயணச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. அந்த நாளில் 3.30க்குப் பிறகு கருமபீடத்தில் ஆள் குறைந்தது. தம்பலகாமத்திலிருந்து ஒரு கடிதத்துக்காக வந்த முதியவர் மறுநாளும் வரவேண்டியதாயிற்று. செலவு மறையவில்லை, எங்களிடமிருந்து அவருக்குப் போய்விட்டது. எந்த ஆய்வு அறிக்கையும் அந்த முதியவரின் பஸ் காசைக் கூட்டியதாக நான் வாசித்ததில்லை.

ஆனால் நான் எதிர்பாராத பெரிய தொகை வேறொரு இடத்தில் இருந்தது. வகுப்பில் மூன்றாம் வாரமே மதியச் சாப்பாட்டுப் பார்சல் விவாதத்துக்கு வந்தது. நகரத்துக் கடைப் பார்சலில் இருவருக்குப் போதுமான சோறும், ஒரு குழந்தைக்குப் போதாத மரக்கறியும் இருக்கும். பார்சலை நிறுத்தி வீட்டிலிருந்து அளவான சிவப்பரிசிச் சோறு, கீரை, பருப்பு, சூடை மீன் கறி கொண்டுவருவது என்று தீர்மானமானது. நல்ல தீர்மானம், எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் சாரதி அடுத்த வாரமே எவர்சில்வர் பெட்டியோடு வந்தார். "யார் அண்ணன் சமைக்கிறது?" என்று கேட்டேன். "மனுசிதான் சேர். இப்போது நாலரைக்கே எழும்புகிறா."

அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு முக்கால் மணிநேரம் கூடுதல் வேலை. மணிக்கு அதே 300 ரூபா. பன்னிரண்டு வாரத்தில் அறுபது வேலை நாள். 13,500 ரூபா. சங்கமும் பங்குபற்றுபவரும் சேர்ந்து கொடுக்கும் 8,875ஐவிடக் கூட! பார்சலுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 150 ரூபா வித்தியாசம் என்று வைத்தால் வீட்டில் 9,000 ரூபா மிச்சம் வருகிறது. மிச்சம் குடும்பத்துக்கு, உழைப்பு மனைவிக்கு. இந்த இரண்டையும் கழித்து 4,500 என்று ஒரே வரியில் எழுதலாம். எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வரியாகவே அறிக்கையில் போட்டேன். பிறகு தாதி ஒரு நல்ல காரியம் செய்தார். பாதி உறுப்பினர்கள் ஆண்கள் என்பதால், சமையல் பற்றிய அமர்வில் பெண்களைப் பேசவிடாமல் ஆண்களிடமே "நாளைக்கு நீங்கள் என்ன சமைப்பீர்கள்?" என்று கேட்டார். நீண்ட நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சிலர் சம்பல் இடிக்கத் தொடங்கியதாகத் தகவல். உறுதிப்படுத்த ஆவணம் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பதிவு இருக்கிறது. காலை, பத்து மணி, மூன்று மணி என்று அலுவலகத்தில் மூன்று தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு நாலு கிராம் என்று குறைத்து வைத்தாலும் நாளுக்கு 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் விரும்பத்தக்கது என்று சொன்ன நாளளவு, அதாவது உணவுச் சக்தியில் ஐந்து வீதம், ஏறத்தாழ 25 கிராம். வீட்டுக்குப் போகுமுன்னே அது முடிந்துவிடுகிறது. தாதி சொன்னபடி அலுவலக உதவியாளர் தேநீரைச் சீனியில்லாமல் ஊற்றி, சீனிக் கிண்ணத்தைத் தட்டில் தனியாக வைக்கத் தொடங்கினார். செலவு பூச்சியம். சீனிச் சாடி நிரப்பும் தடவைகள் குறைந்தன, வகுப்பில் சேராதவர்களின் சீனியும் சேர்ந்து குறைந்தது. முழுத் திட்டத்திலும் மிகச் சிறந்த முதலீடு அந்தக் கிண்ணம் என்பது என் அபிப்பிராயம்.

கடல் கடந்தால் சென்னை

இலண்டனைவிட எங்களுக்குப் பொருத்தமான ஊர் ஒன்று அருகில் இருக்கிறது. சென்னையை மையமாக வைத்து நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. இரத்தச் சீனி நீரிழிவின் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேர். மூன்று வருடத்தில் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 வீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவு, நடை பற்றித் தொடர்ச்சியான வழிகாட்டல் பெற்றவர்களில் 39.3 வீதம். ஒருவருக்கு நீரிழிவு வராமல் தடுக்க 6.4 பேரைத் திட்டத்தில் வைத்திருக்கவேண்டும். மூன்று வருடச் செலவு வழிகாட்டல் பிரிவில் தலைக்கு 10,136 இந்திய ரூபா, மற்றதில் 2,739. வித்தியாசமான 7,397ஐ 6.4ஆல் பெருக்கினால் 47,341 வரும். ஒரு நீரிழிவைத் தடுக்கும் விலை என்று 2007இல் அவர்கள் வெளியிட்ட தொகை அதுவே. இவ்வளவு நேர்மையாகக் கையால் சரிபார்க்கக்கூடிய கணக்கு எனக்கு ஆறுதல் தருகிறது.

அதே ஆய்வில் வழிகாட்டல் பிரிவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நீரிழிவு குறைந்தது, எடை நின்ற இடத்தில் நின்றது. செலவைக் கிலோவால் வகுத்திருந்தால் சென்னைத் திட்டம் படு தோல்வி. நீரிழிவால் வகுத்தால் வெற்றி.

அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் நிலைமை வேறு. 3,234 பேர், 7 வீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்கு, நீரிழிவு 58 வீதம் குறைந்தது. ஆனால் பதினாறு பாடங்களை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடத்தினார்கள். முதல் வருடத்தில் மட்டும் தலைக்கு 1,399 டொலர். எங்கள் சங்கத்தில் அப்படிப்பட்ட பணம் இருந்தால் எல்லோரும் கடன் விண்ணப்பம் போட்டிருப்பார்கள். மலிவான பக்கத்துக்கு வந்தால், 2013இல் வெளியான இந்திய ஆய்வு வேலைபார்க்கும் 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்குக் கைபேசிக் குறுஞ்செய்திகளை அனுப்பியது. இரண்டு வருடத்தில் செய்தி பெறாதவர்களில் 27 வீதத்தினருக்கும் பெற்றவர்களில் 18 வீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. உடனே வட்ஸ்அப் குழு போதும் என்று துள்ளவேண்டாம். கேரளத்தில் ஊரவர்களையே குழுத் தலைவர்களாக்கி 1,007 பேரோடு நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், நீரிழிவு வந்தவர்களில் 17.1 வீதத்துக்கு 14.9 வீதம் என்ற சிறு வித்தியாசமே வந்தது. புள்ளியியல் அதைத் தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்லவில்லை. மலிவான திட்டம் என்பதாலேயே செலவுக்கேற்ற பயன் வந்துவிடாது.

நடந்தது

மூன்றாம் யோசனையே நிறைவேறியது. ஜூனில் தொடக்கம். கச்சான் காற்று வீசும் காலம். மாலை நான்கு மணிக்குக் கடற்கரை வீதியில் நடக்கச் சொன்னால் முகத்தில் அனல் அடிக்கும். அதனால் நடை காலைக்கு மாறியது: பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போய், மான்களைத் தாண்டி, கோணேசர் கோவில் ஏற்றம் வரை. ஏற்றம் இருப்பதால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால்தான் கணக்கில் சேரும் என்றார் தாதி. சாம்பல்தீவுப் பக்கமிருந்து வருகிறவர்கள் தங்கள் ஊரிலேயே நடந்தார்கள். ஒரு பெண் உத்தியோகத்தர், விடியற்புறத்தில் தெருநாய்களும் கேள்வி கேட்கும் அயலவர்களும் இருப்பதால், வீட்டு முற்றத்திலேயே நாற்பது நிமிடம் நடந்தார். அது எந்தக் கையேட்டிலும் இல்லாத தீர்வு.

பன்னிரண்டு வாரம் சுமூகமாகப் போனது. மாதச் சந்திப்புகள் தொடங்கியதும் வாடைக் காற்றும் மழையும் வந்தன. ஒக்ரோபரிலிருந்து நடை நின்றது, தீபாவளிப் பலகாரம் வந்தது, மார்கழியில் கதிரைகள் காலியாக இருந்தன. நோன்பு மாதத்தில் சந்திப்பைக் காலைக்கு மாற்றினோம். எல்லோருக்கும் முன்னுதாரணமாக இருந்த, எல்லோரும் "நானா" என்று அழைக்கும் வெளிக்கள உத்தியோகத்தருக்கு ஜனவரியில் மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்தது. அவர் உடம்பில் சங்கம் போட்ட முதலீடு அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது. அரச சேவையில் இந்த இடமாற்றம் ஒரு நிரந்தரச் சிக்கல். செலவழிப்பது ஓர் அலுவலகம். இருபது வருடத்துக்குப் பிறகு டயலிசிஸ் தேவைப்படாமல் மிச்சம் பிடிப்பது இலவச வைத்தியசாலையை நடத்தும் சுகாதார அமைச்சு. இரண்டு பேரின் பேரேடும் ஒருபோதும் சந்திப்பதில்லை. நியாயமாகப் பார்த்தால் தாதியின் கொடுப்பனவைச் சங்கம் சுமக்கவேண்டியதே இல்லை.

வருட முடிவில் எல்லோரும் கேட்டது, "சராசரியாக எத்தனை கிலோ?" நான் அந்த எண்ணை அறிக்கையில் போடவில்லை, இங்கேயும் போடவில்லை. இருபத்து நான்கு பேர், ஒப்பிட ஒரு குழுவும் இல்லை. சேராதவர்களை ஒப்பிடலாம் என்றால் அவர்களும் சீனிக் கிண்ணத்தின் பயனாளிகள். பிரித்தானியக் கையேட்டுக்காரர்கள் சும்மா இருந்தே மூன்றேகால் கிலோ குறைந்த பிறகு, எங்கள் சராசரியில் எவ்வளவு வகுப்பால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இன்னொரு அழுத்தமும் வந்தது. இடையில் நின்றவர்களை விட்டுவிட்டுக் கடைசிவரை வந்தவர்களுக்கு மட்டும் சராசரி எடுக்கச் சொன்னார்கள். கடைசிவரை வருகிறவர்கள் பெரும்பாலும் எடை இறங்கியவர்கள். இறங்காதவர் வெட்கத்தில் வரமாட்டார். சங்கத்தின் காசு இருபத்து நான்கு பேருக்கும் போயிருக்கிறது. வகுத்தாலும் இருபத்து நான்கால்தான் வகுக்கவேண்டும்.

எண்ணுக்குப் பதில் இருவரைச் சொல்கிறேன். அந்த முகாமைத்துவ உதவியாளர் 70 கிலோவிலிருந்து பன்னிரண்டாம் வாரத்தில் 66க்கு வந்தார். வருட முடிவில் 67. சுட்டெண் 26.2, இன்னும் "கூட" என்ற பெட்டிக்குள்தான். அவருக்கு ஏமாற்றம். தாதிக்கு மகிழ்ச்சி: குறைந்ததில் முக்கால் பங்கு நிலைத்திருக்கிறது, அதுவும் மழைக்காலம் தாண்டி. சாரதியின் எடை ஏறத்தாழ அப்படியே இருந்தது. இடுப்புப் பட்டியில் ஒரு துளை உள்ளே போனது, கிளினிக் கொப்பியில் காலைச் சீனி இறங்கியிருந்தது. அவர் தன்னைத் தோல்வியாகவே எண்ணினார். சென்னை ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அப்படியென்றால் என்னை எந்தப் பக்கம் எழுதுவீர்கள் சேர், வரவிலா செலவிலா?" என்று கேட்டார். ஒரு மனிதரை வைத்து ஆய்வு முடிவை உறுதிப்படுத்த முடியாது என்று சொல்லித் தப்பினேன்.

குழுவின் தீர்மானம்

அடுத்த வருடத்துக்கு மூன்று முன்மொழிவுகள் வைத்தேன்.

பழைய உறுப்பினர்களுக்கு மறுபடி பன்னிரண்டு வார வகுப்பு வேண்டாம். மாதச் சந்திப்பை மட்டும் இன்னொரு வருடம் தொடரவேண்டும். பன்னிரண்டு சந்திப்புக்குத் தாதியின் கொடுப்பனவு 48,000 ரூபா. முதல் வருட வகுப்புக்குக் கொடுத்த அதே தொகை. புதிதாகக் கிலோ குறைப்பதற்குச் செலவழிக்கும் காசைவிடக் குறைத்த கிலோவைத் திரும்பி வராமல் பிடித்துவைக்கும் காசுக்கு வேலை அதிகம் என்பதே என் வாதம். பிரித்தானிய ஆய்வின் நீண்ட திட்டம் வாராந்தம் நடந்தது, எங்களுடையது மாதாந்தம். அதே பலனை இங்கே எதிர்பார்க்க முடியாது என்பதையும் எழுதினேன். கடலைக்கும் தேநீருக்கும் காசு இல்லை. இது விவாதமின்றி நிறைவேறவில்லை. கடலைக்கு ஆதரவாக நீண்ட உரைகள் நிகழ்ந்தன. கடைசியில் 48,000 கிடைத்தது.

இரண்டாவது, புதிதாகப் பெயர் கொடுப்பவர்களைக் குலுக்கல் போட்டுப் பாதிப் பேரை ஜூனிலும் மற்றப் பாதியை டிசம்பரிலும் தொடங்கவைப்பது. ஆறு மாதம் காத்திருப்பவர்கள் ஒப்பீட்டுக் குழு ஆவார்கள். செலவு எதுவும் இல்லை. யாருக்கும் வகுப்பு மறுக்கப்படவும் இல்லை. ஆனால், "உத்தியோகத்தர்களுக்குள் குலுக்கல் போட்டால் மனக்கசப்பு வரும்" என்று தலைவர் சொன்னார். சேவை மூப்பு அடிப்படையில் பிரிக்கலாமா என்று கேட்டார். மூத்தவர்களுக்கு வயது கூட, வயது கூடியவர்களின் எடை வேறுவிதமாக நடக்கும், ஒப்பீடு கெட்டுவிடும் என்று விளக்கினேன். குலுக்கலும் இல்லை, மூப்பும் இல்லை என்று முடிந்தது. அடுத்த வருடமும் என்னிடம் சராசரி கேட்பார்கள்.

மூன்றாவது, சந்திப்பு நாட்களில் கருமபீடத்தில் ஒருவரை முறைவைத்து இருத்துவது. இது ஏகமனதாக நிறைவேறியது. முதல் முறைக்குப் பெயர் போட்டது பிரேரித்த அந்த ஒல்லியானவரை. அவர் வகுப்பில் இல்லைதானே!

கிண்ணியா, மூதூர் உறுப்பினர்களின் பயணக் காசைச் சங்கம் ஏற்பதா என்ற விடயம் நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நுவரெலியாச் சுற்றுலாவுக்கு அதே கூட்டத்தில் மீண்டும் ஒரு தலைப்பு திறக்கப்பட்டிருக்கிறது.